மடியில் திறந்து நிற்காத குரோஷே புத்தகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருகிற ஆசிரியை பதினைந்து வருடத்துக்கு மேலாக குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை, வகுப்பு எடுப்பவர். அவருடைய டிசைன்கள் எல்லாம் நோட்டுகளில் கையெழுத்தாக இருந்தன. மாணவிகள் அதை ஜெராக்ஸ் எடுப்பார்கள், அந்த ஜெராக்ஸை இன்னொருத்தர் ஜெராக்ஸ் எடுப்பார், மூன்றாவது நான்காவது கைக்குப் போகும்போது எண்கள் மங்கி, "இந்தச் சுற்றில் 6ஆ, 8ஆ?" என்று அவருக்கு ஃபோன் வரும். புத்தகம் போடலாம் என்ற எண்ணமே அப்படித்தான் வந்தது. பதிப்பாளர்கள் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தார். முழுக்க வண்ணப்படங்கள் என்றதும் அவர்கள் தயங்கினார்கள். சரி, நாமே போட்டுவிடலாம் என்று என்னிடம் வந்தார்.

நான் அதற்கு முன்பு சில கதை, கட்டுரைப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்திருந்தேன். எல்லாமே எழுத்து மட்டும் உள்ள கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள். படமும் சார்ட்டும் (பின்னலைக் குறியீடுகளால் காட்டும் வரைபடம்) நிறைந்த கைவினைப் புத்தகம் எனக்கு இதுதான் முதல், அது எவ்வளவு வேறுபட்ட வேலை என்று ஆரம்பத்தில் நான் சரியாகக் கணிக்கவில்லை. முதல் பேச்சிலிருந்து புத்தகம் கைக்கு வர 11 மாதம் ஆனது. நாங்கள் போட்டிருந்த கணக்கு 4 மாதம். மிச்ச 7 மாதம் எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டேன்.

கையில் என்ன இருந்தது

24 டிசைன்கள், 600க்கு மேற்பட்ட படங்கள், பாதி தட்டச்சு செய்த கையெழுத்துப் பிரதி.

தட்டச்சு செய்திருந்தது பாமினி எழுத்துருவில். இந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி வரும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் சாதாரண உரைநடையை நன்றாகவே மாற்றிவிடுகின்றன. ஆனால் குரோஷே குறிப்பு உரைநடை மாதிரி இருக்காது. ஒரே வரியில் தமிழ், ஆங்கிலச் சுருக்கெழுத்து, எண், அடைப்புக்குறி, "இதைத் திரும்பச் செய்" என்பதற்கான நட்சத்திரக்குறி எல்லாம் கலந்து வரும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாததால் சுருக்கெழுத்துகள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிட்டன, சில குறிகளும் அதே போல. முதல் வாரம் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டோம். ஆசிரியை நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். விளக்கப் பகுதிகளை மட்டும் கருவியில் மாற்றி எடுத்துக்கொண்டோம்.

அப்படி வாசிக்கும்போதுதான் பெரிய பிரச்சினை ஒன்று வெளியே வந்தது. அவர் குரோஷேயைப் பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களிலிருந்து கற்றவர், பிற்காலத்து டிசைன்கள் சிலவற்றை அமெரிக்க முறையில் எழுதியிருந்தார். இரண்டிலும் பெயர்கள் ஒன்று, வேலை வேறு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பது பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் ட்ரெபிள். ஆக, "டபுள் குரோஷே" என்று நோட்டில் இருந்தால் அது எந்த வருடத்து நோட்டு என்று பார்த்தால்தான் எதைச் சொல்கிறார் என்று புரியும். வகுப்பில் அவர் பக்கத்திலேயே இருந்ததால் இது யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை. புத்தகத்தில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். எல்லாவற்றையும் அமெரிக்க முறைக்கு மாற்றுவது, முதல் பக்கங்களில் இரண்டு முறைக்கும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று வைப்பது, ஒவ்வொரு டிசைனுக்கும் குறியீட்டுச் சார்ட் வரைவது என்று முடிவு செய்தோம். பெயர் எப்படி இருந்தாலும் குறியீடு மாறாது: செயினுக்கு நீள்வட்டம், ஸ்லிப் ஸ்டிச்சுக்கு நிரப்பிய புள்ளி, அமெரிக்க சிங்கிளுக்குச் சிலுவை, டபுளுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்ட நெட்டை "டி" வடிவம், ட்ரெபிளுக்கு அதே வடிவத்தில் இரண்டு கோடு.

இன்னொன்று. 24ல் இரண்டு டிசைன்கள் அவருடையவை இல்லை, ஏதோ பழைய பத்திரிகையில் பார்த்து எழுதிக்கொண்டவை. ஒரு ஸ்டிச்சை யாரும் சொந்தம் கொண்டாட முடியாதுதான், ஆனால் எழுதிய குறிப்புக்கும் வரைந்த சார்ட்டுக்கும் எடுத்த படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுப்பது வேறு, அச்சடித்து விற்பது வேறு. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டது இரண்டாவது வடிவமைப்பின்போது, அப்போது நீக்கிவிட்டு 22 ஆக்கினோம்.

மென்பொருள் தேர்வு

வேர்ட் மாதிரி எழுத்துச் செயலியில் செய்ய முடியாதா என்று கேட்டார். எழுத்து மட்டும் உள்ள புத்தகத்தை ஒருவாறு செய்யலாம். 600 படம், சார்ட், படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய குறிப்பு என்று வரும்போது மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே பத்துப் பக்கம் நகர்ந்துவிடும். வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தும் படமும் தனித்தனிச் சட்டங்களில் (பெட்டிகளில்) இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும்.

இன்டிசைன், ஸ்கிரைபஸ் இரண்டையும் யோசித்தோம். இன்டிசைனில் எழுத்துகளை வரிகளாகக் கோக்கும் கம்போசர் அமைப்பைத் தமிழுக்கு ஏற்றதாக மாற்றிவிட்டால் எழுத்து சரியாக வரும், வேலையும் வேகமாக நடக்கும். ஆனால் அது சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள். ஆசிரியைக்கு ஒரே நிபந்தனை: நான் இல்லாவிட்டாலும் அடுத்த பதிப்பில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டும் என்றால் அவரே கோப்பைத் திறந்து திருத்த முடிய வேண்டும். அதனால் இலவசமான ஸ்கிரைபஸ். அதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வரும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 1.5 வரிசையில்தான் அது சரியானது, அந்த மாற்றங்களோடு நிலையான வெளியீடாக 1.6 வந்தது 2024ல். நாங்கள் பயன்படுத்தியது 1.6. ஆரம்பிக்கும் முன்பு கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ, ணை, லை எல்லாம் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, தாளில் அச்செடுத்துப் பார்த்தோம். அரை மணி நேர வேலை, யாரும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

எழுத்துரு, தலைப்புகளுக்கு முக்த மலர், உள்ளே நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை, அச்சுப் புத்தகத்தில் பயன்படுத்தத் தடை இல்லை. சார்ட் வரைய இங்க்ஸ்கேப், படங்களுக்கு கிம்ப்.

முதல் வடிவம்

21 செ.மீ. சதுரம். 128 பக்கம். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே விரியும் படங்கள். பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். 16 பக்க ஃபாரமாக (சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுப்பு) எடுத்தால் சரியாக 8 ஃபாரம், அச்சுக்கும் வசதி. தாள் 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பளபளக்காத மேட் ஆர்ட் பேப்பர்.

இந்த முடிவுகளை எல்லாம் எதை வைத்து எடுத்தோம் என்று இப்போது யோசித்தால், திரையை வைத்து எடுத்தோம். இரண்டு பக்கமும் சேர்ந்து விரிந்து, நடுவில் கோடுகூட இல்லாமல், திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. ஆசிரியை பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவருடைய பத்துப் பதினைந்து வருட வேலை முதல் தடவையாகப் புத்தக உருவத்தில் அவர் முன்னால் இருந்தது, நானும் அந்த நிமிடத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஒரு நல்ல விஷயம், முழு எண்ணிக்கையும் அடிக்கும் முன்பு அச்சகத்தில் ஒரே ஒரு சோதனைப் பிரதி டிஜிட்டலில் போட்டுத் தரச் சொன்னது. 64 தாளுக்கு முதுகு சுமார் 8 மி.மீ. வரும் என்று கணக்குப் போட்டு அட்டையும் சேர்த்தே செய்தோம். அந்த ஒரு பிரதிதான் எங்களைக் காப்பாற்றியது.

சோதனைப் பிரதி

பிரதி வந்த அன்று ஆசிரியை அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் இயல்பாக நூலையும் ஊசியையும் எடுத்து, புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, முதல் டிசைனைப் பின்ன ஆரம்பித்தார். புத்தகம் மூடிக்கொண்டது. திரும்ப விரித்து, மேலே கத்தரிக்கோலை வைத்தார். கத்தரிக்கோல் பாதிச் சார்ட்டை மறைத்தது. முழங்காலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இதை ஒரு கையால பிடிச்சுக்கணுமே. பின்றதுக்கு ரெண்டு கையும் வேணுமே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. சமையல், பின்னல், மரவேலை, எதுவானாலும் கைவினைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும்போது இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும். கதைப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிப்போம், அதற்குப் பசை பைண்டிங் போதும். நான் கதைப் புத்தகம் செய்து பழகியவன், அதே பழக்கத்தில் இதற்கும் அதே பைண்டிங்கைப் போட்டுவிட்டேன்.

மூன்று மாணவிகளிடம் பிரதியை மாற்றி மாற்றிக் கொடுத்தோம், ஒவ்வொருவரும் ஒரு டிசைன் பின்ன வேண்டும், நாங்கள் குறுக்கே பேசக் கூடாது என்று. பார்த்ததை அன்றன்றே குறித்து வைத்தேன். மூன்று பேருக்கும் புத்தகம் மூடிக்கொண்டது. ஒருவர் முதுகைப் பின்னால் மடக்கி அழுத்தினார், இரண்டு தாள் கையோடு வந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே போட்டிருந்த பெரிய சார்ட்டில் 7வது சுற்றிலிருந்து 9வது சுற்று வரை நடு மடிப்புக்குள் போய்விட்டது. ஒரு டிசைனில் சுற்றின் பாதியில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது, திருப்பும்போது எண்ணிக்கை மறந்துபோய் அந்தப் பெண் முழுச் சுற்றையும் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினார். எல்லோருமே குனிந்து குனிந்து பார்த்தார்கள். 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்குச் சரி, மடியிலோ மேசையிலோ இருக்கும்போது கண்ணுக்கும் தாளுக்கும் இடையில் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு தூரம்.

அப்புறம் படிப்படியான விளக்கப் படங்கள். அவை எல்லாம் ஆசிரியைக்கு எதிரே நின்று எடுத்தவை. படத்தில் கை தலைகீழாகத் தெரிகிறது. பார்த்துப் பழகுபவர் அதை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கற்கும் ஒரு மாணவி புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார், அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

திரும்ப ஆரம்பித்தது

இங்கே ஒரு விவாதம் நடந்தது. எழுத்தையும் சார்ட்டையும் மட்டும் சரிசெய்துவிட்டு அதே பைண்டிங்கில் போகலாமா என்று நான் கேட்டேன், ஏனென்றால் பைண்டிங்கை மாற்றினால் 128 பக்கத்தையும் மறுபடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மடியில் வைக்க முடியாவிட்டால் மாணவிகள் அதைத் திரும்ப ஜெராக்ஸ்தான் எடுப்பார்கள் என்றார். அவர் சொன்னது சரி.

பார்த்த வழிகள் மூன்று. சென்டர் பின் அடித்தால் நன்றாக விரியும், ஆனால் இந்தத் தாளில் இத்தனை பக்கத்துக்குத் தாங்காது, நடுத் தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், வெட்டும்போது ஓரம் குறையும். நூல் தையல் போட்ட பைண்டிங் ஓரளவு விரிந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் நாங்கள் அடிக்க நினைத்த சிறிய எண்ணிக்கைக்கு அச்சகம் தயாராக இல்லை. மூன்றாவது வயர்-ஓ, அதாவது நாட்காட்டிகளுக்குப் போடுகிற இரட்டைக் கம்பிச் சுருள். முழுக்க விரியும், பின்னால் மடக்கியும் வைக்கலாம். முதுகு இருக்காது, அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியாது. புத்தகக் கடைகளுக்கு அது பிடிக்காது. ஆனால் எங்கள் புத்தகம் நேராக மாணவிகளுக்குப் போகிறது. வயர்-ஓ என்று முடிவானது.

அளவு 17 × 24 செ.மீ. ஆனது, சதுரத்தைவிட மடியில் நன்றாக உட்காரும். கம்பிப் பக்கம் துளைகளுக்காக 15 மி.மீ. எதுவும் வைக்காமல் விட்டோம். குறுக்கே விரியும் படங்கள் எல்லாம் போய்விட்டன. 22 டிசைனுக்கும் தலா 4 பக்கம், அடிப்படை விளக்கம், முன்பின் பக்கங்கள் எல்லாம் சேர்த்து 120 பக்கம்.

பக்க அமைப்பில் ஒரு தவறைக் கடைசி நிமிடத்தில் பிடித்தோம். இடது பக்கம் சார்ட், வலது பக்கம் எழுத்துக் குறிப்பு என்றுதான் முதலில் வைத்தேன், விரித்தால் இரண்டும் சேர்ந்து தெரியுமே என்று. ஆனால் கம்பிப் புத்தகம் கையில் கிடைத்தால் யாரும் விரித்து வைப்பதில்லை, பின்னால் மடக்கி ஒரே பக்கமாகத்தான் வைக்கிறார்கள். வெற்றுத் தாளில் கம்பி போட்ட டம்மி ஒன்றை வாங்கி, மாதிரிப் பக்கங்களை ஒட்டிக் கொடுத்தபோது இது தெரிந்தது. அதனால் சார்ட்டும் குறிப்பும் ஒரே பக்கத்தில், எதிர்ப்பக்கத்தில் பெரிய படம். ஒரு பக்கத்தில் அடங்காத டிசைன்களில் ஒரு சுற்று முடிகிற இடத்தில் மட்டுமே பக்கம் மாறும்.

எழுத்தை 12 புள்ளி ஆக்கி, வரி இடைவெளியை 18 ஆக்கினேன். தமிழில் மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால் வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும். இரு ஓரமும் சமமாக நிற்கும் ஜஸ்டிஃபையை விட்டு இடது ஓரம் மட்டும் சீராக வைத்தேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குறுகிய பத்தியில் இரு ஓரத்தையும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். பத்தி ஸ்டைல்கள் (ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பத்தியும் மாறும் அமைப்பு) போட்டு வைத்திருந்ததால் இந்த மாற்றங்கள் ஒரு மாலை நேரத்தில் முடிந்தன. ஆனால் ஸ்டிச் எண்ணிக்கைகளைத் தடித்த எழுத்தாக்கியதை ஸ்டைலில் செய்யாமல் ஒவ்வொன்றாகக் கையால் செய்திருந்தேன். உரையை மறுபடி கொண்டுவந்தபோது அவ்வளவும் போய்விட்டது. நூற்றுக்கணக்கான இடங்கள், எழுத்து ஸ்டைல் ஒன்று போட்டுத் திரும்பச் செய்ய ஒன்றரை வாரம்.

படங்கள்

600 படங்களில் பாதிக்கு மேல் ஃபோனில் எடுத்து, செய்திச் செயலி வழியாக அனுப்பியவை. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், எங்களிடம் வந்தவற்றின் நீளம் 1600 பிக்சல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 1600 பிக்சல் சுமார் 13.5 செ.மீ. வரைதான் தாங்கும். சிறிய படி விளக்கப் படங்களுக்கு அது தாராளம். ஓரம் வரை போகும் முழுப்பக்கப் படத்துக்கு வெட்டுக்கு விடும் 3 மி.மீ. ப்ளீடும் சேர்ந்து 24.6 செ.மீ. வேண்டும், அதற்கு இழுத்தால் 165 பிக்சல்தான் மிஞ்சும். வேறு படமாக இருந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். நூலின் முறுக்கும் ஸ்டிச்சின் பின்னலும் தெரிய வேண்டிய படத்தில் அது மழுங்கிப்போய்த் தெரிந்தது. சோதனைப் பிரதியிலேயே இதைப் பார்த்தோம். ஸ்கிரைபஸ் இதற்கு எச்சரிக்கை காட்டவே செய்தது, நான் அதைத் திறந்து பார்க்காமல் கடந்துவிட்டேன்.

22 முழுப்பக்கப் படங்களில் 9க்கு மூலக் கோப்பு யாரோ ஒருவர் ஃபோனில் இன்னும் இருந்தது, கேபிள் போட்டு எடுத்துக்கொண்டோம். 13 படங்கள் திரும்ப எடுத்தோம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து படும்படி வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினோம். நேராக முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஸ்டிச்சுகளுக்கு நிழல் இருக்காது, நிழல் இல்லாவிட்டால் பின்னல் தட்டையாகத் தெரியும். படி விளக்கப் படங்களை ஆசிரியையின் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண் பார்க்கிற கோணத்திலேயே எடுத்தோம்.

நிறம்

சிவப்பு நூலில் செய்த பை ஒன்று. திரையில் ஒவ்வொரு ஸ்டிச்சும் தெரிந்தது. அச்சில் சிவப்புத் துணியை வெட்டி ஒட்டிய மாதிரி வந்தது.

இதில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. படம் எடுக்கும்போதே சிவப்பு அளவு உச்சத்தைத் தொட்டுவிட்டது, அங்கே விவரம் எதுவும் பதிவாகவில்லை. அடுத்து, திரை காட்டும் ஆர்ஜிபி சிவப்பில் ஒரு பகுதி நான்கு மைகளின் சிஎம்ஒய்கே எல்லைக்குள் வரவே வராது, எல்லை தாண்டியது எல்லாம் ஒரே சிவப்பாகச் சுருங்கிவிடும். அச்சில் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் சிவப்பு, அதில் நிழலைக் கொண்டுவருவது கொஞ்சமாகக் கலக்கும் சயானும் கறுப்பும். கொஞ்சம் குறைந்த வெளிச்ச அளவில் திரும்ப எடுத்து, செறிவைக் குறைத்து, அச்சகம் கொடுத்த நிறச் சுயவிவரத்தில் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) மாற்றியபோது சரியானது. திரையில் இப்போது அது முன்பைவிட மங்கலாகத்தான் இருக்கிறது. தாளில் ஸ்டிச் தெரிகிறது, எங்களுக்கு அது போதும்.

கறுப்பிலும் பிரச்சினை இருந்தது. சோதனைப் பிரதியில் சார்ட் கோடுகளின் ஓரத்தில் லேசாகச் சிவப்பும் நீலமும் தெரிந்தன. இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி கோப்பில் கறுப்பு ஆர்ஜிபியாகத்தான் இருக்கும், அச்சுக்குப் போகும்போது அது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும், நான்கும் மயிரிழை விலகினாலும் ஓரத்தில் நிறம் எட்டிப்பார்க்கும். ஸ்கிரைபஸில் கொண்டுவந்த பிறகு நிறங்களை மாற்றும் வசதியால் எல்லாச் சார்ட்டையும் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று ஆக்கினேன். இதோடு சார்ட்டைச் சுருக்கி வைத்ததில் கோட்டின் தடிமனும் சுருங்கிப்போய்ச் சில கோடுகள் விட்டு விட்டு அச்சாகியிருந்தன. எந்தக் கோடும் அரைப் பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துத் திரும்ப வரைந்தோம்.

இரண்டாவது சோதனைப் பிரதியும் பின்னிப் பார்த்ததும்

இரண்டாவது பிரதியில் 11 பக்கங்களில் கம்பித் துளை எழுத்தின் மேல் விழுந்திருந்தது. ஆசிரியை கடைசி நேரத்தில் ஒரு குறிப்புப் பக்கம் சேர்க்கச் சொன்னார், நான் நடுவில் ஒரே ஒரு பக்கம் நுழைத்தேன். அதற்குப் பின்னால் இருந்த இடது பக்கங்கள் எல்லாம் வலதாகவும் வலது எல்லாம் இடதாகவும் ஆகிவிட்டன, ஆனால் சட்டங்கள் பழைய இடத்திலேயே நின்றன. திரையில் பார்த்தால் உடனே தெரியாது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, குறிப்பை ஏற்கெனவே இருந்த பக்கத்தில் அடக்கினோம்.

இந்தப் பிரதியை வைத்து 8 மாணவிகள் 22 டிசைன்களையும் பின்னினார்கள். கேள்வி இருந்தால் ஆசிரியையிடம் கேட்கக் கூடாது, பக்க ஓரத்தில் எழுத வேண்டும். 31 பிழைகள் கிடைத்தன. பெரும்பாலும் எண்ணிக்கைப் பிழைகள். தட்டையான வட்டத்தில் சுற்றுக்கு 6 கூட்டினால் 6, 12, 18, 24, 30 என்று போக வேண்டும், ஒரு டிசைனில் ஐந்தாவது சுற்று 32 என்று இருந்தது. ஆசிரியை அதை எத்தனையோ தடவை வாசித்தவர், அவர் கை தானாக 30 பின்னிவிடும் என்பதால் கண் 32ஐப் பார்க்கவே இல்லை. மெய்ப்புப் பார்ப்பது எழுத்துப்பிழைக்குப் போதும், குறிப்பு சரியா என்று பார்க்க யாராவது பின்னித்தான் ஆக வேண்டும். அதையும் தெரியாதவர்கள் பின்ன வேண்டும்.

அச்சுக்குப் பிறகு

அச்சுக்கென்று உள்ள பிடிஎஃப் வகையான பிடிஎஃப் எக்ஸ்-4 ஆக, 3 மி.மீ. ப்ளீடோடு கொடுத்தோம். முதலில் நினைத்தது 100 பிரதி, ஆனால் டிஜிட்டல் அச்சில் குறைவாகவும் அடிக்கலாம் என்பதால் 60 மட்டும் முதலில் அடிக்கலாம் என்றேன், ஆசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

புத்தகம் நன்றாகவே வந்தது. மடியில் நின்றது. ஆனால் முதல் வாரத்திலேயே மூன்று நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: கம்பியில் நூல் மாட்டிக்கொள்கிறது. பார்த்தால், கம்பிச் சுருளின் இரண்டு முனைகளும் சேரும் வாய் வெளியே தெரிகிற மாதிரி சில பிரதிகள் அமைந்திருந்தன. அந்த இடுக்கில் நூல் போய்ச் சிக்குகிறது. நாட்காட்டியில் இது யாருக்கும் தெரியாது. பின்னல் புத்தகத்தில் நூல் எப்போதும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாய் பின் அட்டைக்கு உள்பக்கமாக வரும்படி போட வேண்டும் என்று நாங்கள் அச்சகத்தில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மாட்டிய பிரதிகளை வாங்கி அச்சகத்தாரே மாற்றிக் கொடுத்தார்கள்.

17வது டிசைனில் ஒரு வரி பிரிட்டிஷ் முறையிலேயே தங்கிவிட்டது. சார்ட் சரியாக இருந்தது, எழுத்துக் குறிப்பு தவறு. அதைக் கண்டுபிடித்தவர் சார்ட்டையும் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு மாணவி. திருத்தச் சீட்டு அச்சிட்டு 60 பேருக்கும் கொடுத்தோம். மீதி 40 பிரதிக்கு முன்பு அந்த வரியை ஆசிரியையே கோப்பைத் திறந்து திருத்தினார். படங்கள், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேகரித்துக் கொடுத்திருந்ததால் அவர் கணினியில் எதுவும் விட்டுப்போகாமல் திறந்தது. அன்று அவர் குரலில் இருந்த சந்தோஷத்துக்காகவே இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது சரி என்று நினைக்கிறேன்.

100 பிரதியும் தீர்ந்தது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கவில்லை, கடைக்குப் போகாத புத்தகத்துக்கு எதற்கு என்று விட்டோம். பின்னால் ஒரு நூலகத்திலிருந்து கேட்டபோது அது இல்லாதது சங்கடமாக இருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசையைத்தான் முதலில் மாற்றுவேன். நாங்கள் மென்பொருளைத் திறந்தோம், பக்கம் போட்டோம், அப்புறம் பைண்டிங்கை யோசித்தோம். அடுத்த முறை வெற்றுத் தாளில் அதே தாள், அதே அளவு, அதே பைண்டிங்கில் ஒரு டம்மி செய்து, அதை மடியில் வைத்து ஒரு வாரம் வேலை செய்து பார்த்த பிறகுதான் முதல் பக்கத்தைத் திறப்பேன். பைண்டிங் முடிவானால் உள் ஓரம் முடிவாகும், அதிலிருந்து பக்க அமைப்பு, அதிலிருந்து படங்களின் அளவு, அதிலிருந்து எத்தனை பிக்சலில் படம் எடுக்க வேண்டும் என்பது வரை முடிவாகும். நாங்கள் இந்தச் சங்கிலியைக் கடைசி முனையிலிருந்து பிடித்தோம், அதனால்தான் படங்களைக்கூடத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

பின்னிப் பார்ப்பதை வடிவமைப்புக்கு முன்பே, சாதாரணத் தாளில் அச்செடுத்த குறிப்பை வைத்தே செய்திருக்கலாம். 31 திருத்தத்தையும் பக்கத்தில் வைத்த பிறகு செய்வது, ஒவ்வொன்றும் அடுத்த வரியை நகர்த்துவதால், ரொம்பக் கஷ்டம். படங்களை மூலக் கோப்பாக மட்டுமே வாங்குவேன். இடது கையால் பின்னுகிற ஒரு மாணவி சார்ட்டைக் கண்ணாடியில் பார்த்துப் பின்னினார் என்று பிறகுதான் தெரிந்தது, சார்ட்டுகளின் இடவலம் மாற்றிய வடிவத்தைத் தனியாகக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது புத்தகத்துக்கு ஆசிரியை தயாராகிறார். இந்த முறை 200 பிரதி என்பதால் நூல் தையலுக்கு அச்சகம் ஒத்துக்கொள்கிறது, முதுகும் கிடைக்கும், ஆனால் கம்பி அளவுக்கு விரிந்து நிற்குமா என்று தெரிய வேண்டும். நூல் தையலில் ஒன்று, கம்பியில் ஒன்று என இரண்டு வெற்று டம்மிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட இல்லாத அந்தப் புத்தகங்களை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறார்.